மானுக்குத் தெரியாத ஆரஞ்சு

லஸ் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பென்சில்வேனியாவில் இருக்கும் பெண்ணுக்கு நவம்பர் நடுவில் பிரசவம். சுண்டைக்காய் வற்றல், பருப்புப் பொடி, பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள் என்று பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. இந்தச் சமயம் பார்த்து மாப்பிள்ளை ஃபோனில், "அம்மா, இங்கே வந்து நீங்க காலம்பற வாக்கிங் போறதானா ஆரஞ்சு மேல்சட்டை போட்டுண்டுதான் போகணும். மான் சீஸன். நான் வாங்கி வச்சுட்டேன்" என்றாராம்.

"ரோடு போடுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற அந்தச் சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு நான் வெளியே நடப்பதா? மாப்பிள்ளை கேலி செய்கிறாரா, நிஜமாகத்தான் சொல்கிறாரா?" என்று கேட்கிறார் வாசகி.

நிஜமாகத்தான் சொல்கிறார், சகோதரி. நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே வாங்கி வைத்திருக்கிறார் என்றால் நல்ல மாப்பிள்ளை என்றுதான் நான் சொல்வேன்.

மயிலாப்பூரில் தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளையோ பெண்ணோ அந்தப் பக்கம் இருக்கிற காலம் இது. பிரசவத்துக்கென்று கிளம்புகிற அம்மாக்களுக்குக் குளிருக்கு என்ன, மருந்துச் சீட்டுக்கு என்ன, விமானத்தில் ஊறுகாய் விடுவானா மாட்டானா என்று யோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த ஆரஞ்சு சட்டையைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடுவதில்லை. அதனால் இந்தத் தடவை பக்கம் முழுக்க அதற்கே.

நம் ஊரில் மானைச் சுட்டால் ஜெயில். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்பது நமக்குப் பழைய கதை. மான் என்றால் கிண்டிக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிற பிராணி, அவ்வளவுதான். அங்கே அப்படியில்லை. மான்கள் ஏராளம். பல இடங்களில் ஓநாயும் இல்லை, வேறு பெரிய மிருகமும் அதிகம் இல்லை. வீட்டுத் தோட்டத்துக்கே வந்து நாம் ஆசையாக வைத்த வெண்டைச் செடியை மொட்டையடித்துவிட்டுப் போகும். காரில் மோதி ஆட்களும் செத்துப் போகிறார்கள். அதனால் வருஷத்தில் இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை என்று கெடு வைத்து, பணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் சுடலாம் என்று அரசாங்கமே விட்டிருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு. பெரும்பாலும் நவம்பர், டிசம்பர்.

விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் நான்காவது வியாழக்கிழமை வருகிற 'தாங்க்ஸ்கிவிங்' பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை ஆரம்பித்து ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் துப்பாக்கியோடு காட்டுக்குள் இருப்பார்கள். பென்சில்வேனியாவில் அந்தப் பண்டிகைக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரம். தொடர்ந்து வரும் திங்கட்கிழமையைப் பல பள்ளிக்கூடங்களில் லீவாகவே விட்டுவிடுகிறார்கள் என்றால் பாருங்களேன்! நமக்குப் பொங்கல் மாதிரி அவர்களுக்கு அது. பிட்ஸ்பர்க் பெருமாளைச் சேவிக்க 1977-லிருந்து நம் ஜனங்கள் அந்த மாநிலத்துக்குப் போய் வந்துகொண்டிருக்கிறோம். கோயிலைச் சுற்றி மலையும் மரமுமாக எவ்வளவு அழகு என்று வந்து சொல்லாதவர் கிடையாது. அந்த அழகான மரங்களுக்கு நடுவில்தான் இந்த விஷயமும் இருக்கிறது.

"காட்டுக்குள்ளே நான் எதற்குப் போகப் போகிறேன்? வீட்டு வாசலிலேதானே நடக்கப் போகிறேன்" என்பீர்கள். அங்கே பல ஊர்களில் வீட்டுக் கொல்லை எங்கே முடிகிறது, காடு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. மதில் கிடையாது, வேலி கிடையாது. புல்தரை, நாலு மரம், பிறகு நாற்பது மரம், அதற்கப்புறம் ஒரேயடியாய்க் காடு.

1988 நவம்பர் 15-ம் தேதி மெயின் மாநிலத்தில் ஹெர்மன் என்ற சின்ன ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். வயிற்றைக் கலக்கும், ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வயது இரட்டைப் பெண் குழந்தைகளுக்குத் தாய். குடும்பம் வேறு மாநிலத்திலிருந்து புதிதாக வந்து குடியேறியிருந்தது. அன்று அந்தப் பெண் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தில் நின்றாள். குளிருக்காகக் கையில் வெள்ளைக் கம்பளி உறை. தூரத்தில் ஒரு வேட்டைக்காரர் இருந்தார். அந்தப் பக்கத்து மானுக்கு 'வெள்ளைவால் மான்' என்றே பெயர். பயந்து ஓடும்போது வாலைத் தூக்கும். வாலின் அடிப்பக்கம் பஞ்சு மாதிரி பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அவர் கண்ணுக்கு வெள்ளையாக ஏதோ அசைந்தது. சுட்டுவிட்டார். அந்தத் தாய் அங்கேயே போய்விட்டாள்.

வழக்கு நடந்தது. 1990-ல் ஜூரிகள் அந்த மனிதரைக் குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டார்கள். அதைவிட எனக்குத் தாங்காதது என்னவென்றால், செத்துப்போனவளைப் பற்றியே ஊரில் பலர் குறை பேசினார்கள். 'வேட்டைக் காலத்தில் வெள்ளை உறை போட்டுக்கொண்டு, ஆரஞ்சு போடாமல் ஏன் வெளியே வந்தாள்?' என்று. கேட்டீர்களா கதையை? தன் வீட்டுக் கொல்லையில் தான் நிற்க ஒருத்தி சீருடை போட்டுக்கொள்ள வேண்டுமாம்! அதற்குப் பிறகு பெரிய விவாதம் கிளம்பி, 1991-ல் மெயின் மாநிலத்தில் சட்டத்தை இறுக்கினார்கள். சுடுவதற்கு முன்னால் எதிரே இருப்பது மான்தான் என்று தலையும் உடம்புமாகப் பார்த்து நிச்சயம் செய்துகொள்ளும் பொறுப்பு சுடுகிறவனுடையது என்று எழுதி வைத்தார்கள். அதுதான் நியாயம். துப்பாக்கி யார் கையிலோ, பொறுப்பும் அவர் தலையில்தான். நாம் ஆரஞ்சு போட்டோமா இல்லையா என்பது அவருக்குச் சாக்கு ஆகக் கூடாது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு. ஏனென்றால் நியாயம் நம் பக்கம் இருந்தால் மட்டும் உயிர் திரும்பி வருவதில்லையே.

கண்ணும் காதும் ஏமாற்றும் என்பது நமக்குப் புதிதா என்ன? உபன்யாசம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தசரதன் ஆற்றங்கரையில் குடத்தில் தண்ணீர் மொள்ளுகிற சத்தத்தை யானை என்று நினைத்து அம்பு விட்டான், விழுந்தது சிரவணகுமாரன். மரத்தடியில் கிருஷ்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, ஜரன் என்கிற வேடன் அந்தப் பாதத்தை மான் என்று எண்ணி எய்தான். இருவருமே கெட்டவர்கள் இல்லை. மான் வேண்டும், மான் வேண்டும் என்று விடியற்காலையிலிருந்து குளிரில் உட்கார்ந்திருக்கிறவன் கண்ணுக்கு ஆடுகிற கிளையெல்லாம் மான்தான். அவன் மூளைக்கு ஒரு சூடு போட்ட மாதிரி 'இது மானில்லை, மனுஷன்' என்று சொல்ல ஒரு நிறம் வேண்டும். அதுதான் இந்த ஆரஞ்சு. அங்கே அதற்குப் பெயரே 'ப்ளேஸ் ஆரஞ்ச்'. கொழுந்துவிட்டு எரிகிற ஆரஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இத்தனை பளிச்சென்ற நிறத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மான் பார்த்துவிட்டு ஓடிவிடாதோ? ஓடாது. மனிதக் கண்ணுக்குள் நிறம் பிரிக்கிற அணுக்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. சிவப்பையும் ஆரஞ்சையும் பச்சையிலிருந்து பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. 1992-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மான்களின் கண்ணையே சோதித்து இதை உறுதி செய்தார்கள். நமக்கு நெருப்பு மாதிரி எரிகிற சட்டை, அதற்குக் காய்ந்த இலை மாதிரி மங்கலாகத் தெரியும். நீலம்தான் அதற்கு நன்றாகத் தெரியுமாம்.

வண்டலூரில் புலியைப் பார்த்தபோது, 'இத்தனை ஆரஞ்சாக இருந்துகொண்டு இது எப்படிப் பச்சைக் காட்டில் ஒளிந்துகொள்ளும்?' என்று உங்கள் குழந்தை கேட்டதுண்டா? அதற்கும் இதுதான் பதில். புலியின் இரை மான். மானின் கண்ணுக்குப் புலி பச்சையாக, புதரோடு புதராகத் தெரிகிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2019-ல் இதை ஆராய்ந்து சொன்னார்கள். நம் கண்ணுக்குத்தான் புலி பகட்டுக்காரர். ஆக மானுக்கு மறைக்கவும் மனுஷனுக்குக் காட்டவும் ஒரே நிறம். பகவான் புலிக்குக் கொடுத்ததை வேட்டைக்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

முதலில் அவர்களும் சிவப்பைத்தான் நம்பினார்கள். விஸ்கான்சினில் 1945-ல் வேட்டைக்காரர்கள் சிவப்பு உடுத்த வேண்டும் என்று விதி போட்டார்கள். சிவப்பில் இரண்டு கோளாறு. வெள்ளைக்கார ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது. இன்னொன்று, வெளிச்சம் குறையக் குறையச் சிவப்புதான் முதலில் கறுக்கும். நம்பாவிட்டால் நம் வீட்டிலேயே பார்க்கலாம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் மொட்டைமாடித் தொட்டியில் இருக்கும் சிவப்புச் செம்பருத்தியைப் பாருங்கள். இலை வெளிறித் தெரியும். பகலில் கண்ணைப் பறித்த பூ கரிக்கட்டை மாதிரி இருக்கும். மான் வெளியே வருவதும், அதைத் தேடிக்கொண்டு ஆள் வருவதும் அந்த மசங்கல் நேரத்தில்தான். விதிப்படி பல இடங்களில் சூரியோதயத்துக்கு அரைமணி முன்னாலிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி பின்னால் வரை சுடலாம். 1980-ல் விஸ்கான்சினில் சிவப்பை விட்டுவிட்டு இந்த ஆரஞ்சைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே 1966-ல் லட்சம் வேட்டைக்காரர்களுக்கு 44 பேர் வீதம் குண்டடி பட்டார்கள். இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆரஞ்சு மட்டும் காரணமில்லை. துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிற வகுப்புகளும் காரணம். இவ்வளவுக்குப் பிறகும் நியூயார்க் மாநிலம் 2021-ல்தான் இதைக் கட்டாயமாக்கியது. படித்தவர்கள் ஊர்!

"என்னிடமே நல்ல ஆரஞ்சுப் புடவை இருக்கே, கனகாம்பர நிறத்தில்? அது போதாதோ?" போதாது. இங்கேதான் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். நம் சாதாரணச் சாயம் தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் ஆரஞ்சை மட்டும் திருப்பி அனுப்பும். இந்தச் சட்டையின் சாயம் வேறு ஜாதி. கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரையும் நீல வெளிச்சத்தையும் விழுங்கிவிட்டு, அதையும் ஆரஞ்சாக மாற்றி வெளியே விடும். அதனால்தான் உள்ளேயிருந்து விளக்குப் போட்ட மாதிரி இருக்கிறது. மேகமூட்டத்திலும் விடியற்காலையிலும் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். கோயில் வாசலில் கூடையில் இருக்கும் கனகாம்பரத்தை நிழலில் பாருங்கள். பக்கத்தில் தெருப் பெருக்குகிற அம்மாளின் ஒளிர்ச் சட்டையைப் பாருங்கள். இரண்டும் ஒன்றில்லை.

இந்தச் சாயத்துக்குப் பின்னால் ஒரு கல்யாணப் புடவைக் கதையும் இருக்கிறது. புடவை இல்லை, கவுன். 1930-களில் கலிபோர்னியாவில் பாப் ஸ்விட்சர் என்று ஒரு இளைஞர். வேலை செய்கிற இடத்தில் விழுந்து தலையில் பலமான அடி. கண் சரியாகும்வரை இருட்டறையில் இருக்கச் சொன்னார்கள். அங்கே பொழுது போக அவரும் தம்பி ஜோவும் புறஊதா விளக்கை வைத்துக்கொண்டு, அப்பாவின் மருந்துக் கடைச் சாமான்களில் எதெல்லாம் இருட்டில் மினுங்குகிறது என்று தேடினார்கள். அதில் பிறந்த சாயம்தான் பிற்பாடு 'டேக்ளோ' ஆயிற்று. முதன்முதலில் அதைத் துணியில் ஏற்றிப் பார்க்க பாப் எடுத்தது மனைவியின் கல்யாண உடுப்பை என்று சொல்வார்கள். கேட்டுவிட்டு எடுத்தாரா, கேட்காமல் எடுத்தாரா என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை! இரண்டாவது உலக யுத்தத்தில் ஆகாய விமானத்துக்குத் தரையிலிருந்து சைகை காட்ட இந்தத் துணியை விரித்தார்கள். அதற்குப் பிறகுதான் ரோடு, ரயில், காடு எல்லாம்.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

சட்டை என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். கையில்லாத மேலங்கி. அங்கே பெரிய கடைகளில் சாதாரண ரகம் பத்து டாலருக்குள்ளேயே கிடைக்கும். ஸ்வெட்டர், கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்கிற மாதிரி இரண்டு அளவு பெரியதாக வாங்கச் சொல்லுங்கள். முக்கியம், அது எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். நம் அம்மாக்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? சட்டையைப் போட்டுக்கொண்டு, கூச்சப்பட்டு அதற்கு மேலே சால்வையைப் போர்த்திக்கொள்வார்கள். போட்டும் போடாததுதான். முந்தானையையும் இழுத்துச் செருகி, சட்டைக்கு உள்ளே விட்டுவிடுங்கள்.

தொப்பியும் அதே ஆரஞ்சில் வேண்டும். புதருக்கு மேலே முதலில் தெரிவது தலைதான். பென்சில்வேனியாவில் வேட்டைக்காரருக்கு விதி, தலை, மார்பு, முதுகு மூன்றிலுமாகச் சேர்த்து 250 சதுர அங்குலம், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி. கணக்கு பார்த்தால் அரைத் தலையணை உறைக்குக் கொஞ்சம் மேலே. அரசாங்க வேட்டை நிலங்களில் நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை சும்மா நடக்கப் போகிறவர்களுக்கும் இந்த அளவு உண்டு. விஸ்கான்சினில் இடுப்புக்கு மேலே வெளியில் தெரியும் உடுப்பில் பாதியாவது இந்த நிறம் இருக்க வேண்டும். உங்கள் பெண் இருக்கும் மாநிலத்தில் என்ன விதி, என்ன தேதி என்பதை மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வருஷத்துக்கு வருஷம் தேதி நகரும். "ஞாயிற்றுக்கிழமை சுட மாட்டார்கள்" என்று பென்சில்வேனியாவில் ரொம்ப நாளாக இருக்கிறவர்கள் சொல்வார்கள். அது பழைய கதை. 2020 முதல் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விட ஆரம்பித்துவிட்டார்கள்.

குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு நடக்கிற பழக்கம் அங்கே உண்டு. அப்போது சட்டையின் முன்பக்கம் மறைந்துவிடும். முதுகும் தலையும் மட்டும் போதாது. குழந்தைக்கும் ஒரு ஆரஞ்சுக் குல்லாய் போடுங்கள். தள்ளுவண்டி என்றால் மேல்கூரையின் மேலேயும் கைப்பிடியிலும் ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். காற்றை மறைக்கிற மாதிரி வண்டியை மூடிவிடக் கூடாது. கூரைக்கு மேலே மட்டும்தான். நாய் வளர்க்கிற வீடானால் அதற்கும் கழுத்துத் துண்டு. பழுப்பு நாய் ஓடினால் மான் ஓடுகிற மாதிரியே இருக்கும்.

இப்போது போடக் கூடாதவை. இதுதான் நம்மவர்களுக்கு ரொம்ப அவசியம். வெள்ளைக் கையுறை, வெள்ளைக் குல்லாய், வெள்ளைத் துண்டு, கையில் ஆடுகிற வெள்ளைக் கைக்குட்டை எதுவும் வேண்டாம். மாமாக்கள் வேட்டி கட்டிக்கொண்டு தோளில் வெள்ளைத் துண்டோடு கொல்லைப் பக்கம் உலாத்துவது நம் பழக்கம். அந்த நாட்களில் அது கூடவே கூடாது. கொண்டையில் அடர்த்தியாக மல்லிப்பூ வைத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே நடந்தாலும் அதே கதைதான். கறுப்புக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு மேலும் கீழும் ஆடும். பழுப்பு நிறமும் அப்படியே. நம் ஊர்க் குரங்குக் குல்லாய் என்றால் என்ன நிறம்? பழுப்பு. மாமாவின் ஸ்வெட்டர்? பழுப்பு. சால்வை? அதுவும் பழுப்பு! மயிலாப்பூர் மாமா ஒருவர் முழுக் குளிர் அலங்காரத்தில் புதரோரம் குனிந்து மணத்தக்காளி இருக்கிறதா என்று தேடினால்... வேண்டாம், நினைக்கவே பயமாயிருக்கிறது. அவருடைய சட்டையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

நேரம் விஷயத்தில், அந்த இரண்டு வாரமும் விடியற்காலையும் அந்தி மயக்கமும் வேண்டாம். பத்து மணிக்கு மேலே, வீடுகள் இருக்கிற தெருவிலே நடந்தால் போதும். மரத்தோரம் போகத்தான் வேண்டுமென்றால் பேசிக்கொண்டே போங்கள். பேச ஆளில்லையா, பாடுங்கள். தோடயம் முதல் மங்களம் வரை உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் உரக்கப் பாடலாம். அங்கே சுருதி சேரவில்லை என்று சொல்ல ஆளில்லை. தூரத்தில் துப்பாக்கியோடு ஆள் தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள். கை அசைவதுதான் வம்பு. நின்ற இடத்தில் நின்று, "ஹலோ" என்று பலமாகக் குரல் கொடுங்கள். மனுஷக் குரல் கேட்டால் துப்பாக்கி தாழும்.

சட்டையைத் துவைக்க ஒரு வார்த்தை. வெயிலிலும் அடிக்கடி துவைப்பதிலும் இந்தச் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும். பிளீச்சிங் பக்கமே போகக் கூடாது. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். புதுச் சட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்து மங்கியிருந்தால் தோட்ட வேலைக்கு ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

அந்த நிறம் பிடிக்காதவர்களுக்கு ஒரு செய்தி. 2016-ல் விஸ்கான்சின் மாநிலம் ஒளிர்கிற ரோஸ் நிறத்தையும் போட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தது. அதுதான் முதல் மாநிலம். பிறகு வேறு சில மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. பெண்களை வேட்டைக்கு இழுக்கலாம் என்ற எண்ணமும் அதில் இருந்தது. அங்கே வேட்டைக்குப் போகிற பெண்களில் பலர், 'நாங்கள் ரோஸ் கேட்டோமா? பெண் என்றால் ரோஸ்தானா?' என்று சண்டைக்கு வந்தார்கள். மானைச் சுடுவதில் எனக்கு அவர்களோடு ஒத்துப்போகாது. இந்தச் சண்டையில் ஒத்துப்போகும். ஆனால் கண்ணுக்குத் தெரிவதில் ரோஸும் சளைத்ததில்லை என்று ஜவுளி நிபுணர் ஒருவர் சோதித்துச் சொல்லியிருக்கிறார். உங்கள் பெண் இருக்கும் மாநிலம் அதை ஒப்புக்கொள்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆரஞ்சேதான்.

எங்கும் போகாமல் மாடவீதியிலேயே இருக்கிற நமக்கு இதில் ஒன்றும் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே ஆபத்து துப்பாக்கி இல்லை, வண்டி. அதுவும் இருட்டில். ஒளிர்கிற ஆரஞ்சுக்குச் சூரிய வெளிச்சம் வேண்டும் என்றேன் அல்லவா? ராத்திரியில் அது சாதாரணத் துணி மாதிரிதான். இருட்டுக்கு வேண்டியது அந்தச் சட்டைகளில் குறுக்கே ஓடுகிறதே வெள்ளிப் பட்டை, அது. அதில் பொடிப் பொடியான கண்ணாடி மணிகள் இருக்கும். விளக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே, வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்கே, திருப்பி அனுப்பும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு ராத்திரியில் நடந்து போகிறவர்களின் பையிலும் தடியிலும் போலீஸார் ஒளிர்பட்டை ஒட்டி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியில் விடியற்காலை ரோட்டோரம் நடக்கிறபோது அது இன்னும் அவசியம். தோள்பையின் பின்னால் கையளவு பட்டை ஒட்டினால் போதும்.

மார்கழியில் நாலரை மணிக்கு வாசலில் குனிந்து கோலம் போடுகிறவர்களும் வண்டிக்காரருக்கு முதுகு மட்டும் காட்டுகிறவர்கள்தான். வாசல் விளக்கை முதலில் போட்டுவிட்டு, பிறகு மாவுக் கிண்ணத்தை எடுங்கள். தெரு வளைவுப் பக்கம் முதுகு காட்டாமல் உட்காருங்கள். பாரிமுனைப் பக்கம் பாதுகாப்புச் சாமான் விற்கிற கடைகளில் வெள்ளிப் பட்டை நாடா மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. ஒரு மீட்டர் வாங்கினால் குழந்தையின் பள்ளிக்கூடப் பை, சைக்கிள் மட்கார்டு, மாமாவின் கைத்தடி மூன்றுக்கும் வரும். பையில் தைக்கும்போது ஊசித் துளை பட்டையின் ஓரத்தோடு இருக்கட்டும். நடுவே குத்தினால் மணிகள் உதிரும்.

நீண்ட விமானப் பயணத்தில் கால் வீங்குவதைப் பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். லஸ் வாசகி கிளம்புவதற்குள் வந்துவிடும்படியாக அது அடுத்த இதழில்.